பழைய டிரம் சாண்டர் வாங்கப் போறீங்களா? விலையைப் பேசுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணா, இவர் ஏதோ மெஷின் வாங்கணும்னு என் வளையலை அடகு வைக்கலாமான்னு கேக்குறார். நீ ஒரு வார்த்தை பேசு, நீ சொன்னா கேப்பார்."

தங்கச்சி வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலை போச்சு. லாக்டவுன் சமயத்தில் பொழுதுபோக்காக ஆரம்பிச்ச மரவேலை, இப்ப வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஷெட்டில் நடக்குது. கட்டிங் போர்டு, சப்பாத்திக் கட்டை, மணைப் பலகை. மாசம் சுமார் 30 போர்டு விக்குது. கையில் உப்புத்தாள் தேய்ச்சுத் தேய்ச்சு தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம்.

அவர்கிட்ட பேசினேன். "மச்சான், கோயம்புத்தூர்ல ஒரு ஃபர்னிச்சர் யூனிட்டை மூடுறாங்க. 16 இஞ்ச் டிரம் சாண்டர், ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான் சொல்றாங்க. புதுசு ரெண்டு மடங்கு ஆகும். இதை விட்டா கிடைக்காது."

"இதை விட்டா கிடைக்காது" என்ற வார்த்தையை ஆடிட்டர் தொழிலில் நான் அடிக்கடி கேட்கிறேன். அதைக் கேட்டதும் பேப்பரும் பேனாவும் எடுத்துடுவேன். அன்னைக்குப் போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. நீங்க வாங்கப் போறது டிரம் சாண்டரா இருக்கலாம், பிளானரா இருக்கலாம், தையல் மெஷினா கூட இருக்கலாம். கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல, டிரம் சாண்டர் என்ன வேலை செய்யும்?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஒரு உருளை. அதன்மேல் உப்புத்தாள் பட்டை சுருளாகச் சுத்தியிருக்கும். கீழே ஒரு கன்வேயர் பெல்ட். பலகையை ஒரு பக்கம் வைச்சா, பெல்ட் அதை உருளைக்குக் கீழே மெதுவா இழுத்துட்டுப் போகும். மறுபக்கம் ஒரே கனத்தில், சமமா தேய்ஞ்சு வெளியே வரும்.

இதை பிளானரோடு குழப்பிக்காதீங்க. பிளானர் கத்தியால் செதுக்கும், ஒரு தடவையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயும் எடுக்கும். டிரம் சாண்டர் 80 கிரிட் தாளில்கூட ஒரு தடவைக்கு 0.3, 0.4 மில்லிமீட்டர்தான். தாள் நைஸாக ஆக இன்னும் கம்மி. அவசரப்பட்டு ஆழத்தைக் கூட்டினா மரம் கருகும், தாள் அடைச்சுக்கும். தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

அப்ப எதுக்கு வாங்கணும்? சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி, மரத்தின் குறுக்குவெட்டு முகம் மேலே தெரியுற மாதிரி செய்யுற கட்டிங் போர்டை பிளானரில் விட்டா, கத்தி துண்டைப் பிச்சு எறியும். ஆபத்து. அந்த மாதிரி போர்டுக்கு டிரம் சாண்டர்தான் பாதுகாப்பான வழி. நரம்பு தாறுமாறாக ஓடுற மரத்துக்கும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு நல்லா விக்கிறதே அந்த மாதிரி போர்டுதான். அதனால அவர் கேட்டது ஆடம்பரம் இல்லை. கேள்வி என்னன்னா, *இப்பவே*, *இந்த விலைக்கு*, *வளையலை வைச்சு* வாங்கணுமா?

மெஷின் விலை வேற, மெஷின் ஓடத் தொடங்குற விலை வேற

ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். எல்லாமே எங்களுக்குச் சொன்ன, நாங்க விசாரிச்ச தொகைகள். உங்க ஊர் விலையை நீங்க போட்டுக்கோங்க.

- மெஷின்: ரூ.1,10,000
- வண்டி வாடகை, ஏத்தி இறக்கும் கூலி: ரூ.6,000
- தூசி உறிஞ்சும் மெஷின் (டஸ்ட் கலெக்டர்): ரூ.28,000
- தனி லைன், எம்சிபி, எர்த்: ரூ.5,000
- முதல் செட் சாண்டிங் ரோல் (80, 120, 180 கிரிட்): ரூ.6,000
- பேரிங், பெல்ட் ரிப்பேருக்கு ஒதுக்குறது: ரூ.10,000

மொத்தம் ரூ.1,65,000. சொன்ன விலையைவிட சரியா 50% அதிகம்!

"டஸ்ட் கலெக்டரை அப்புறம் வாங்கிக்கலாம் மச்சான்" என்றார். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கலை. டிரம் சாண்டரில் இருந்து வர்றது மாவு மாதிரி நைஸான தூசி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி, மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைச்சிருக்கு. அவர் ஷெட் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கு. பாப்பாவுக்கு ஏற்கெனவே வீசிங். தூசியை இழுக்கலைன்னா தாளும் சீக்கிரம் அடைச்சு வீணாகும். ஆக, டஸ்ட் கலெக்டர் இல்லாத டிரம் சாண்டரை பாதி மெஷின்னு நினைச்சுக்கோங்க.

கொடுத்த பணம் எல்லாம் செலவு இல்லை

இங்கதான் பழைய மெஷினோட நல்ல பக்கம் வருது.

புது மெஷின் வாங்கினா, கடை வாசலைத் தாண்டினதும் விலையில் ஒரு பெரிய துண்டு போயிடும். பழசு வாங்குறப்ப அந்த அடியை முதல் ஓனர் வாங்கிட்டார். நல்ல விலைக்கு வாங்கி, ஒழுங்கா வைச்சிருந்தா, 3 வருஷம் கழிச்சு வித்தாலும் கணிசமான தொகை திரும்ப வரும்.

உங்க உண்மையான செலவு, நீங்க கொடுக்குற பணம் இல்லை. விக்கிறப்ப திரும்ப வராத பணம்.

எங்க கணக்கில் 3 வருஷம் கழிச்சு மெஷின் ரூ.80,000, டஸ்ட் கலெக்டர் ரூ.14,000 போகும்னு வைச்சோம். திரும்ப வர்றது ரூ.94,000. வராதது ரூ.71,000.

கவனிச்சீங்களா? வண்டி வாடகை, வயரிங், ரோல், ரிப்பேர் இதெல்லாம் ஒரு பைசாகூட திரும்ப வராது. மெஷின் விலையில் 5,000 ரூபாய் குறைக்க ரெண்டு நாள் பேரம் பேசுவோம், இதையெல்லாம் எழுதவே மாட்டோம்.

அடுத்து வட்டி. நகைக் கடனுக்கு அவருக்குச் சொன்ன வட்டி வருஷத்துக்கு 10%. 1,65,000-க்கு வருஷம் ரூ.16,500. அசலை அடைக்காம வட்டி மட்டும் கட்டினா 3 வருஷத்தில் ரூ.49,500.

ரெண்டையும் சேர்த்தா ரூ.1,20,500. அதை 36 மாசத்தால் வகுத்தா, மாசம் சுமார் ரூ.3,350. மெஷினை ஓட்டினாலும் ஓட்டாட்டியும் இந்தப் பணம் போகும்.

மாசம் எத்தனை போர்டு போட்டா கட்டுப்படியாகும்?

இப்ப மாற்று வழியைப் பார்க்கணும். இதை யாரும் செய்றதில்லை. "கையில தேய்க்கிறேன்" அல்லது "மெஷின் வாங்குறேன்" என்று ரெண்டு வழி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மூணாவது வழி ஜாப் ஒர்க். ஃபர்னிச்சர் யூனிட்டுகளில் வைட் பெல்ட் சாண்டர் என்று பெரிய மெஷின் இருக்கும். நாம டிரம் சாண்டரில் 3 மணி நேரம் செய்யுற வேலையை அது ஒரு மணி நேரத்தில் முடிச்சுடும்.

3 மணி நேரம் என்பதை எப்படிச் சொல்றேன்? 16 இஞ்ச் நீளமுள்ள 20 போர்டை வரிசையா விட்டா சுமார் 27 அடி. கன்வேயர் நிமிஷத்துக்கு 3 அடி ஓடினா ஒரு சுத்துக்கு 9 நிமிஷம். ரெண்டு பக்கம், ஒரு பக்கத்துக்கு 3 கிரிட் சேர்த்து 8, 9 தடவை. மொத்தம் 16 முதல் 18 சுத்து. நடுவில் தாள் மாத்தணும். 3 மணி நேரம் ஓடிடும்.

20 போர்டு ஒரு பேட்ச் என்று வைச்சுக்கிட்டா:

- ஜாப் ஒர்க்: ஒரு மணி நேரம் ரூ.600, போக வர ரூ.300. மொத்தம் ரூ.900.
- சொந்த மெஷின்: தாள் தேய்மானமும் கரண்டும் சேர்த்து மணிக்கு சுமார் ரூ.100. 3 மணி நேரத்துக்கு ரூ.300.

ஒரு பேட்சுக்கு மிச்சம் ரூ.600. அவர் நேரத்துக்கு ஏன் காசு போடலைன்னு கேக்கலாம். ஜாப் ஒர்க்குக்குப் போய் வர அரை நாள், வீட்டில் ஓட்டினாலும் கிட்டத்தட்ட அரை நாள். ரெண்டும் சரிக்குச் சரி.

இப்ப 3,350-ஐ 600-ஆல் வகுங்க. 5.6 வருது. அதாவது மாசம் 6 பேட்ச், 120 போர்டு செஞ்சாத்தான் அந்த மெஷின் கட்டுப்படியாகும். அவர் அப்ப வித்தது 30.

நகையை வைக்காம சொந்தப் பணத்தில் வாங்கினா? அப்பவும் அந்தப் பணத்துக்கு எஃப்டி-யில் வந்திருக்க வேண்டிய வட்டி போகுது இல்லையா. 7% போட்டா மாசம் சுமார் 960. வராத பணம் மாசத்துக்கு 1,970. மொத்தம் 2,930. அப்பவும் 5 பேட்ச், 100 போர்டு வேணும்.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நான் வேலை தேடப் போகட்டுமா மச்சான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குக் கஷ்டமா இருந்தது. நான் வேண்டாம்னு சொன்னது அவர் தொழிலை இல்லை, அந்த மாச மெஷினை. அதை அவர்கிட்ட சொன்னேன். "30 போர்டுக்கு ஜாப் ஒர்க் மாசம் 1,800 ரூபாய்க்குள்ள முடியுது. தோள்பட்டையும் தப்பிக்கும். பேட்ச் எத்தனைன்னு ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. நாலு பேட்ச் தொடர்ந்து மூணு மாசம் வந்தா, நானே உங்களோட மெஷின் பாக்க வர்றேன்."

பொழுதுபோக்குக்கு வாங்குறவங்க?

உங்களுக்கு இந்த பேட்ச் கணக்கு பொருந்தாது, வருமானமே இல்லையே. நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான்: திரும்ப வராத 71,000-ஐ 36 மாசத்துக்கு வகுத்தா மாசம் சுமார் 2,000 ரூபாய். சனி, ஞாயிறு சந்தோஷத்துக்கு மாசம் 2,000 கொடுக்க உங்க பட்ஜெட்டில் இடம் இருக்கா? இருந்தா தாராளமா வாங்குங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஜிம் ஃபீஸ் மாதிரிதான். ஆனா எமர்ஜென்சி ஃபண்டில் கை வைச்சோ, கிரெடிட் கார்டு இஎம்ஐ-யிலோ வாங்காதீங்க.

அந்த கோயம்புத்தூர் மெஷின் என்ன ஆச்சு?

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மெஷினில் இன்னொரு சிக்கல் இருந்தது. மூடுற யூனிட் என்றால் நான் முதல்ல கேக்குற கேள்வி: "இந்த மெஷின் மேல பேங்க் லோன் இருக்கா?"

தொழில் கடன் கொடுக்கிற வங்கிகள் பெரும்பாலும் மெஷின்களை ஹைப்பாதிகேஷனில் வைச்சிருக்கும். மெஷின் ஓனர் இடத்திலேயே இருக்கும், ஆனா கடன் தீர்ற வரைக்கும் வங்கிக்கு அதில் உரிமை உண்டு. வங்கிக்குத் தெரியாம அவர் உங்களுக்கு வித்துட்டார்னா, நாளைக்கு வங்கி உங்க ஷெட்டுக்கு வந்து நிக்கலாம். கொடுத்த பணத்துக்கு நீங்க ஓனர் பின்னாடி அலையணும்.

விக்கிறது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் அந்தக் கம்பெனி பெயரில் பதிவான அடமானங்களைப் பார்க்கலாம். தனிநபர் தொழில் என்றால் வங்கியிடமிருந்து கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தையோ, விக்க ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தையோ கேளுங்க. நாங்க கேட்டோம். "ரெண்டு நாள்ல அனுப்புறேன் சார்" என்றார். அதுக்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

கணக்கு போடாம அட்வான்ஸ் கொடுத்திருந்தா? வளையலும் போயிருக்கும், மெஷினும் சிக்கலில் இருந்திருக்கும்.

மெஷினை நேரில் பார்க்கிறப்ப

நான் மெக்கானிக் இல்லை. ஆனா மாப்பிள்ளையோட நாலு இடத்துக்குப் போய்க் கத்துக்கிட்டதைச் சொல்றேன். போறப்ப ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரே கனமுள்ள ரெண்டு மரப்பட்டை, ஒரு டார்ச் எடுத்துட்டுப் போங்க.

1. வோல்ட்டேஜ் பிளேட். மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டை முதல்ல படிங்க. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கலாம். நம்ம ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைச்சா வோல்ட்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவா ஓடும், சூடாகும். மோட்டார் மாத்துற செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்க. அதேபோல த்ரீ ஃபேஸ் மோட்டாரா, சிங்கிள் ஃபேஸா? வீட்டில் எது இருக்கு?

2. டிரம்மும் மேடையும் சமமா இருக்கா? ரெண்டு மரப்பட்டையில் ஒண்ணை டிரம்மின் இடது ஓரத்திலும், இன்னொண்ணை வலது ஓரத்திலும் விடுங்க. வெளியே வந்ததும் கனத்தை அளந்து பாருங்க. வித்தியாசம் வந்தா, அட்ஜஸ்ட் பண்ணிச் சரியாகுதான்னு அங்கேயே செஞ்சு காட்டச் சொல்லுங்க. சரியாகலைன்னா கிளம்பிடுங்க.

3. ஒரு பக்கம் திறந்த மாடல். 16/32 என்று போட்டிருந்தா, 16 இஞ்ச் டிரம், பலகையைத் திருப்பிப் போட்டு 32 இஞ்ச் அகலம் வரை தேய்க்கலாம் என்று அர்த்தம். சமம் சரியில்லைன்னா பலகையின் நடுவில் ஒரு கோடு விழும். அகலமான துண்டு ஒண்ணை விட்டுப் பாருங்க.

4. பேரிங் சத்தம். காலியா ஓடவிட்டு காதைக் கொடுங்க. கரகரப்பு கேட்டா பேரிங் மாத்தணும். பெரிய செலவு இல்லை, ஆனா பேரத்துக்கு உதவும். டிரம்மே வளைஞ்சிருந்தா அது வேற கதை, வாங்காதீங்க.

5. கன்வேயர் பெல்ட்டும் ஃபீட் மோட்டாரும். பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்குதா, கிழிஞ்சிருக்கா? பலகை உள்ளே இருக்கிறப்ப பெல்ட் நிக்குதா? இந்தச் சின்ன மோட்டாருக்கும் அதன் ஸ்பீடு போர்டுக்கும் ஸ்பேர் கிடைக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம். மாடல் நம்பரை வைச்சு ஸ்பேர் கிடைக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

6. தாளை மாட்டும் கிளிப். டிரம்மின் ரெண்டு முனையிலும் தாளைப் பிடிக்கிற கிளிப் இருக்கும். ஸ்பிரிங் போயிருந்தா தாள் லூசாகிக் கிழியும். ரெடிமேட் ரோல் கிடைக்காத மாடலா இருந்தாலும் பயப்பட வேண்டாம். அதே அகலத்தில் துணி முதுகுள்ள ரோல் வாங்கி, பழைய தாளை அச்சாக வைச்சு வெட்டிக்கலாம்.

7. 20 நிமிஷம் வேலை வாங்குங்க. ரெண்டு நிமிஷம் காலியா ஓட்டிக் காட்டுறதை நம்பாதீங்க. நீங்க செய்யுற மரத்தையே எடுத்துட்டுப் போய் விடுங்க. மோட்டாரைத் தொட்டுப் பார்க்க முடியாத அளவு சூடானா யோசிங்க.

இன்னொரு விஷயம். டிரம் சாண்டரில் வந்த பலகை அப்படியே விற்பனைக்குத் தயார் இல்லை. மரத்தின் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் இருக்கும். கையில் பிடிக்கும் ஆர்பிட்டல் சாண்டரால் ஒரு தடவை முடிக்கணும். அது இல்லைன்னா அதையும் லிஸ்டில் சேருங்க.

பணம் கொடுக்கிறப்ப: ஆடிட்டர் சொல்ற அஞ்சு விஷயம்

1. கேஷ் வேண்டாம். தொழிலுக்காக மெஷின் வாங்கி, ஒரே நாளில் ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தா, அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் மெஷினின் விலையில் சேராது. தேய்மானமும் கிடைக்காது. "கேஷா கொடுத்தா 5,000 குறைச்சுக்கலாம் சார்" என்பாங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர் அல்லது யுபிஐ மட்டும்.

2. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் தன் பழைய மெஷினை விக்கிறப்ப பில்லில் 18% வரலாம். ஒரு லட்சம் என்பது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஆகும். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னா அந்த 18,000 முழுக்க உங்க செலவு. விலை பேசுறப்பவே கேட்டுடுங்க. வெளிமாநிலத்திலிருந்து எடுத்து வந்தா இ-வே பில் யார் போடுறதுன்னும் கேளுங்க.

3. தனிநபர்கிட்ட வாங்கினா. பில் இருக்காது, தப்பில்லை. ஆனா மெஷின் பெயர், மாடல், சீரியல் நம்பர், விலை, தேதி, "இதன் மேல் எந்தக் கடனும் இல்லை" என்ற வரி, ரெண்டு பேர் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். அவருடைய பழைய பில் இருந்தா ஒரு காப்பி.

4. தேய்மானம். கணக்கு எழுதித் தொழில் செய்றவங்களுக்கு மெஷினுக்கு வருஷம் 15%. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் கம்மியா பயன்படுத்தினா அதில் பாதி. புது மெஷினுக்கு சில நிபந்தனைகளோடு கிடைக்கும் கூடுதல் தேய்மானம் பழசுக்குக் கிடையாது. விற்பனையில் 6% அல்லது 8% லாபம் என்று காட்டுற உத்தேச வரி முறையில் இருந்தா, தேய்மானம் அதிலேயே அடங்கிடுச்சு, தனியா கழிக்க முடியாது. ஆக, "வரி மிச்சமாகும்"னு சொல்லி யாராவது மெஷின் வாங்கச் சொன்னா நம்பாதீங்க.

5. கரண்ட் கனெக்‌ஷன். சொந்த உபயோகத்துக்கு வீட்டு இணைப்பு சரி. விற்பனைக்காக வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டினா பின்னாடி அபராதம் வரலாம். உங்க ஏரியா மின்வாரிய அலுவலகத்தில் எந்த கட்டண வகை, எத்தனை கிலோவாட் அனுமதி என்று முன்கூட்டியே கேளுங்க. டிரம் சாண்டரும் டஸ்ட் கலெக்டரும் ஒரே நேரத்தில் ஓடும் என்பதை மறக்காதீங்க.

கடைசியா என்ன ஆச்சு?

மாப்பிள்ளை நோட்டு போட்டார். முதல் மூணு மாசம் ஒரு பேட்ச், ரெண்டு பேட்ச்தான். முதல் செலவா டஸ்ட் கலெக்டரை மட்டும் வாங்கினார். கையால் ஓட்டுற சாண்டருக்கே அது தேவைப்பட்டது. அப்புறம் ஒரு கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் வந்தது. அதைப் பார்த்து இன்னொண்ணு. நாலு, அஞ்சு, நாலு என்று பேட்ச் ஏறிச்சு.

சொன்ன மாதிரி நானும் கூடப் போனேன். பொள்ளாச்சி பக்கம் வயசான ஒருத்தர், முட்டி வலியால் பட்டறையை மூடிட்டார். 75,000 சொன்னார், 68,000-க்கு முடிஞ்சது. 3 வருஷம் கழிச்சு 55,000 போகும்னு வைச்சா, மத்த செலவுகள் எல்லாம் சேர்த்து திரும்ப வராதது ரூ.54,000, மாசம் 1,500. போட்ட மொத்தப் பணம் 1,23,000-க்கு எஃப்டி வட்டி மாசம் சுமார் 720. மொத்தம் 2,220. 600-ஆல் வகுத்தா 3.7, அதாவது 4 பேட்ச். அவர் செய்றதும் 4 பேட்ச்.

பெரிய லாபம் இல்லை, சரிக்குச் சரி. ரெண்டாவது மாசமே பேரிங் போச்சு, 2,800 ரூபாய். ஒதுக்கி வைச்ச பத்தாயிரத்தில் இருந்து எடுத்தார், வீட்டில் யாருக்கும் டென்ஷன் இல்லை. ஆர்டர் குறைஞ்சா என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியும்: மெஷினை வித்துட்டு மறுபடி ஜாப் ஒர்க். அப்படி வித்தா கையைக் கடிக்காத விலைக்குத்தான் வாங்கியிருக்கார்.

போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வளையல் அவ கையில்தான் இருந்தது.

நீங்க இந்த வாரம் ஏதாவது பழைய மெஷின் பார்க்கப் போறீங்கன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் நாலு வரி எழுதுங்க: ஓடத் தொடங்க மொத்தம் எவ்வளவு? வித்தா எவ்வளவு திரும்ப வரும்? பணத்துக்கு வட்டி எவ்வளவு? ஜாப் ஒர்க் கொடுத்தா எவ்வளவு? இந்த நாலுக்கும் பதில் இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இதே கணக்கை எக்செல்லில் போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனலில் இருக்கு, உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. இங்கே சொன்ன வரி விஷயங்கள் பொதுவானவை, உங்க நிலைமைக்கு உங்க ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கோங்க.